ரைலியின் வலது முட்டியும் ஒரு கோடைக்காலமும்

லெபிக்கோ நடனக் கொட்டகையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், அதன் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றித்தான் என்னால் விவரமாகச் சொல்ல முடியும். மூன்றாவது பிர்ச் மரத்தடி என் இடம். நாற்பத்தாறு கோடைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். கார்கள் ஐந்து மாறிவிட்டன. பிளாஸ்க் மட்டும் அதேதான், மூடியில் நெளிவு விழுந்த பச்சை பிளாஸ்க். நான் அதிலிருந்து காபியை ஊற்றிக் குடித்துக்கொண்டு செய்தித்தாளில் மீன்பிடிப் பக்கத்தைப் படிப்பேன். உள்ளே என் மனைவி ரைலி மற்ற ஆண்களோடு ஆடிக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரோடு இரண்டு பாட்டு, அவ்வளவுதான். முடிந்ததும் ஆண் அந்தப் பெண்ணைப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட்டு, தலையசைத்துவிட்டுப் போய்விடுவான். மேடைக்கு மேலே விளக்குப் பலகை இருக்கிறது. அதில் 'ஆண்கள் அழைப்பு' என்று எரிந்தால் ஆண்கள் போய்க் கேட்க வேண்டும், 'பெண்கள் அழைப்பு' என்று எரிந்தால் பெண்கள். கேட்டால் மறுக்கக் கூடாது. எழுதாத சட்டம் அது. எழுதிய சட்டங்களைக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக யாரும் மதிப்பதில்லை.

நான் மறுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை.

எழுபத்து நான்காம் வருடம், ஜூன் மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. பலகையில் பெண்கள் அழைப்பு எரிந்தது. நீலக் கட்டம் போட்ட கவுன் போட்ட ஒருத்தி எதிர்ச்சுவரிலிருந்து கிளம்பி, அவ்வளவு பெரிய பலகைத் தளத்தையும் குறுக்கே நடந்து, நேராக என் முன்னால் வந்து நின்றாள். ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரி. தலையைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று. சுவர்தான் இருந்தது. "எனக்கு ஆடத் தெரியாது" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் வெளியே போய் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது பிர்ச் மரத்தடி.

ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம்.

"ஏன்யா, ஆடத் தெரியாதவன் எதுக்கு டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்தே?"

"காபிக்கு" என்றேன்.

"காபி வெளியில கடையிலயே விக்குதே!"

பிளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே குடித்தாள். முகத்தைச் சுளித்து, "தண்ணியா இருக்கு" என்றாள். அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

அதற்குப் பிறகு அவள் என்னை ஆடக் கூப்பிட்டதே இல்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை. வெட்கம் ஒரு வருடம் இருந்தால் வெட்கம், நாற்பது வருடம் இருந்தால் பழக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அப்படித்தான் பாட்டு சரியில்லை, கூட்டம் அதிகம், கொசு கடிக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வண்டியிலேயே இருந்துவிட்டேன்.

ரைலி முப்பத்தாறு வருடம் தபால் கொடுத்தாள். கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் காலால் உந்தும் பனிவண்டி. அறுபத்து மூன்று தபால் பெட்டிகள். கடைசிப் பெட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவருடையது. அவருக்கு மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதிகம். கடிதம் இல்லாத நாளிலும் இவள் போய்ப் பெட்டியைத் திறந்து மூடிவிட்டு வருவாள். சத்தம் கேட்டால்தான் அந்த மனிதர் எழுந்து அடுப்பு பற்றவைப்பாராம். நான் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன். முதலில் பெரிய சாலை, பிறகு பள்ளிக்கூடம், பிறகுதான் கிளைப்பாதைகள் என்று உத்தரவு. நான் முதலில் ரைலி போகும் ஏரிக்கரைப் பாதையில் பனியைத் தள்ளிவிடுவேன். மேஸ்திரிக்கு அது தெரியும். ரைலிக்கும் தெரியும். இருபத்தெட்டு குளிர்காலம் நான் அவளுக்குச் சொன்ன காதல் வார்த்தை அது ஒன்றுதான், அதையும் காலை நாலரை மணிக்கே சொல்லி முடித்துவிடுவேன்.

நான் பனி தள்ளாத ஒரே இடம் மனிதர்களின் வாசற்படி. அப்படி ஒரு படியில்தான் அவள் வழுக்கி விழுந்தாள், ஒரு மார்ச் மாதம், வலது முட்டி கீழே பட. எழுந்து, பெட்டியில் தபாலைப் போட்டுவிட்டுத்தான் அழுதாளாம். பட்ட காலிலே படும் என்பார்கள். இரண்டு வருடம் கழித்து அதே முட்டியில் மறுபடி அடி. ஓய்வு பெறும்போது உள்ளே எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அப்படியும் சனிக்கிழமை ஆனால் லெபிக்கோ. இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுவாள். திங்கள்கிழமை வரை படி ஏற முடியாது.

பிறகு அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, அதை மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை. முட்டியை மாற்றலாமா என்று கேட்டபோது அறுவை மருத்துவர் முடியாது என்று தலையை ஆட்டினார். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய அறுவைக்கு அவர் துணியவில்லை.

அதோடு மனம் விட்டுப்போய், அதற்குப் பின் மூன்று கோடைகள் அவள் கொட்டகைக்குள் போகவே இல்லை. லெபிக்கோவுக்கு மட்டும் வருவாள். என்னோடு வண்டியில் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளிருந்து வரும் பாட்டைக் கேட்டபடி, இடது காலால் மட்டும் தாளம் போடுவாள். ஆலிஸ் என்று ஒரு கிழவர், ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர், அவளோடு நல்ல ஜோடியாக ஆடுபவர், இடைவேளையில் வந்து குனிந்து பேசுவார்.

"என்ன ரைலி, நீயும் இவன் கட்சியில சேந்துட்டியா?"

"இங்க காபி இலவசம்" என்பாள் அவள்.

அவர் போனதும் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். நாற்பது வருடம் அவள் இல்லாமல் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மூன்று கோடைகளில்தான் என்னால் செய்தித்தாளில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

டாக்டர் ரந்தா என்று வலி நிவாரணப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். அவரிடம் போனது மார்ச் மாதக் கடைசியில். அவர் ஒரு தாளில் முட்டியை வரைந்து, அதில் மூன்று இடத்தில் புள்ளி வைத்தார்.

"இந்த மூணு நரம்புதான் முட்டியோட வலிய மேல கொண்டுபோறது. அதுக்குப் பக்கத்துல ஊசிய எறக்கி, ஊசி முனைய சூடாக்கி, நரம்பைக் கருக்கிடுவோம். தேஞ்ச எலும்பு தேஞ்சதுதான், அது சரியாகாது. வலி மட்டும் தெரியாது."

"எவ்வளவு சூடு?" என்று ரைலி கேட்டாள்.

"எண்பது டிகிரி. ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணரை நிமிஷம்."

"எண்பதா! அது எங்க வீட்டு சனிக்கிழமை சவுனா சூடுதானே. ஒண்ணரை நிமிஷம் இந்தக் கிழவனே தாங்குவான்."

டாக்டர் சிரித்தார், எங்கள் பக்கத்தில் சவுனா என்ற அந்த ஆவிக்குளியல் அறை இல்லாத வீடு கிடையாது. சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே ரத்தம் கசிந்து கட்டலாம், அதற்காகச் சில நாள் இதய மாத்திரையை நிறுத்த வேண்டும், இதய மருத்துவர் சம்மதித்தால். ஊசி இறங்கிய இடத்தில் சீழ் வைக்கலாம். மேல்தோல் சுட்டுவிடலாம், அது அபூர்வம். காலை அசைக்கிற நரம்பில் சூடு பட்டால் காலில் பலம் குறையும், அப்படி ஆகாமல் இருக்க முதலில் லேசாக மின்சாரம் செலுத்திச் சோதிப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று வாரம் வலி குறையாமல் கூடிவிடும். சிலருக்கு ஒன்றும் கேட்காமலே போய்விடும்.

"முட்டிக்கு உள்பக்கம், கொஞ்சம் கீழ, தோல் மரத்துப்போறதும் உண்டு. அந்த எடத்துல சூடு, கூர் எதுவும் தெரியாது. அடுப்புப் பக்கம் கவனம். சவுனா அடுப்பைச் சுத்தித் தடுப்புச் சட்டம் இருக்கில்ல?"

ரைலி என்னைப் பார்த்தாள். "இருக்கு" என்றேன் நான்.

பொய் சொல்லவில்லை. இருந்தது. பழைய சட்டம் கருகிப்போனதால் புதிதாக ஒன்று செய்து, எண்ணெய் பூசி, கொட்டிலில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். மாட்டுவதுதான் பாக்கி.

"எத்தனை நாளைக்கு வலி இல்லாம இருக்கும்?" என்று அவள் கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"நரம்பு மறுபடி வளரும். ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம். திரும்பவும் செய்யலாம், ஆனா உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் மாத்திரைய நிறுத்தறது ஆபத்து. அதனால நான் சத்தியம் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ரைலி விரல்விட்டு எண்ணினாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். "ஒரு கோடை போதும்" என்றாள்.

முதலில் ஒரு சோதனை ஊசி போட்டார்கள். அந்த மூன்று நரம்பையும் சில மணி நேரத்துக்கு மட்டும் உறங்கவைக்கும் மருந்து. வழக்கமாக எது செய்தால் வலிக்குமோ அதையெல்லாம் வீட்டில் செய்து பார்த்து, மணிக்கொரு தரம் வலி எவ்வளவு என்று பத்துக்கு எழுத வேண்டும். ரைலி நிலவறைக்கு மூன்று தடவை இறங்கி ஏறி உருளைக்கிழங்கு எடுத்து வந்தாள். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியது வந்துவிட்டது. பூஜ்யம் என்று எழுதினாள். பிறகு வானொலியைத் திருகினாள். ஒரு டேங்கோ பாட்டு. சமையலறை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மேசைக்கும் அடுப்புக்கும் இடையில் ஆடினாள். அறுபத்தொன்பது வயது. அந்த நீலக் கட்டக் கவுன்காரி எங்கும் போகாமல் இந்த உடம்புக்குள்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள் என்று பார்த்தேன். எழுந்து நாற்காலியை வாங்கி வைத்துவிட்டு என் கையைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. நானும் அங்கே ஒரு நாற்காலிதான். இரண்டு நாற்காலிகளில் ஆடத் தெரிந்த நாற்காலி அவள் கையில் இருந்தது.

ஐந்தாவது மணி நேரத்தில் அவள் நின்றாள். முட்டியின் மேல் கையை வைத்தாள். "வந்துருச்சு" என்றாள். தாளில் எட்டு என்று எழுதினாள்.

ஏப்ரல் நடுவில் நிஜமான வைத்தியம் நடந்தது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தபோது, கைநிறைய அவுரிநெல்லிப் பழத்தைப் பறித்து முட்டியில் நசுக்கிவிட்டது போல் கருநீலம். அது பத்து நாளில் வடிந்துவிட்டது. ஆனால் வலி குறையவில்லை, கூடியது. தோலுக்கு அடியில் நெருப்பெறும்பு ஓடுவது போல் இருக்கிறது என்றாள். போர்வை பட்டால் ஆகாது, என் பேச்சு பட்டாலும் ஆகாது. டாக்டர் ரந்தாவுக்குத் தொலைபேசினேன். காயப்பட்ட நரம்பு இப்படித்தான் கத்தும், பொறுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் எண்ணி வைத்த மாதங்களில் இரண்டு வாரம் அப்படியே கழிந்தது. ரைலி நாள்காட்டியில் கழித்துக்கொண்டே வந்தாள்.

மே முதல் வாரம் ஒரு நாள் காலையில் கண்விழித்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். ஏரியில் பனி உடைந்துவிட்டதா பார்க்கத் துறைவரை போய்விட்டு வந்திருக்கிறாள், தடி இல்லாமல். ரப்பர் காலணியோடு சமையலறையில் நின்றுகொண்டு, முட்டியின் உள்பக்கத்தைக் கிள்ளிக் காட்டினாள்.

"இங்க ஒண்ணுமே தெரியல. இத்தனை வருஷம் உனக்குத்தான் சுரணை இல்லன்னு நெனச்சேன். இப்ப என் முட்டியும் உன்னை மாதிரி ஆயிடுச்சு."

அந்த ஒன்றரை மாதம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சருகை வாரினாள், படகுக்குத் தார் பூசினாள், ஆட்டக் காலணிக்கு அடித்தோல் மாற்றினாள். நடுக்கோடைத் திருநாள் அன்று லெபிக்கோவில் ஆட வேண்டும், அதுதான் அவள் குறித்து வைத்த நாள். ஏரிக்கரையில் பெரிய சொக்கப்பனை எரியும், பொழுதே சாயாது, ஊரே வரும். "ஏன் கிழவா, அந்தச் சட்டத்தை எப்ப மாட்டப் போற?" என்று மூன்று தடவை கேட்டாள். நாளைக்கு என்றேன். பெர்ச் மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இரண்டே இரண்டு திருகாணி வேலை.

திருநாளுக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை. சவுனாவில் நான் மேல் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அவள் கீழ்ப் பலகையில், அடுப்போரம், அடுப்பின் மேல் அடுக்கிய சுடுகல்லில் ஆவி எழ அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாச் சனிக்கிழமையும் போல இரண்டு சாசேஜை அலுமினியத் தாளில் சுற்றி அடுப்புக் கல்லின் மேல் வைத்திருந்தோம், வெளியே வந்ததும் தின்ன. ஆவி வந்தது. முதுகில் நல்ல சூடு. கூடவே ஒரு கருகல் வாசனை.

"சாசேஜ் கருகுது, திருப்பிப் போடு" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

அலுமினியத் தாள் சரசரவென்றது. "இல்லியே, இன்னும் வேகவே இல்லியே" என்றாள்.

அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முந்தியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அகப்பை கீழே விழுந்த சத்தத்தில்தான் நான் கண்ணைத் திறந்தேன். அவள் முட்டியின் உள்பக்கம் அடுப்பின் இரும்புத் தகட்டில் ஒட்டியபடி இருந்தது. அவள் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை வாசலுக்கு எதிரே இருந்த ஏரிக்குள் இறக்கிவிட்டேன். தொடைவரை தண்ணீர். ஜூன் மாதத்திலும் எங்கள் ஏரி பல்லைக் கிட்டவைக்கும். இருபது நிமிடம் அவளை இடுப்பில் பிடித்துக்கொண்டு நின்றேன், இரண்டு பேரும் பிறந்தமேனிக்கு, கொசுக்கள் மொய்க்க. அவள் நடுங்கினாள்.

"வலிக்குதா?"

"வலிக்கல எஸ்கோ. அதான் பயமா இருக்கு."

அப்போது அழுதாள். நானும் அழுதேன். ஈரத்தில் யாருக்குத் தெரியும்!

உள்ளங்கையளவு புண். ஆழமாகச் சுட்டிருந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் வாரம் மூன்று தடவை கட்டு மாற்றினார். முட்டியை மடக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, நடை குறைவாக. திருநாள் போனது. சொக்கப்பனைப் புகையை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தோம். ஜூலை போனது. உள்ளே வலி இல்லாத ஒரு முட்டி, வெளியே புண்ணோடு, ஸ்டூலின் மேல் நீட்டிக் கிடந்தது. அவளுடைய ஒரே கோடை எங்கள் சமையலறையில் உட்கார்ந்தபடியே கழிந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாளே சட்டத்தை மாட்டினேன். இரண்டு திருகாணி, நாலு நிமிடம். திருகாணியை முறுக்கி முடித்து, அங்கேயே கீழ்ப் பலகையில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். எங்கள் மொழியில் கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை, அன்றைக்கு எல்லாம் தீர்ந்துபோனது. பனி தள்ளும் வண்டியில் உட்கார்ந்து அவள் பாதையை முதலில் திறந்துவிட்டவன் நான்தான். இரண்டு திருகாணியை நாளைக்கு என்று சொன்னவனும் நான்தான். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழித்துவிட முடியவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நர்ஸ் கடைசிக் கட்டைப் பிரித்து, இனி வர வேண்டாம் என்றார். இளஞ்சிவப்பாக, பளபளவென்று புதுத்தோல். முட்டி விறைப்பாக இருந்தது, ஆனால் மடங்கியது. அந்த வருடத்தின் கடைசிப் பகல் ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. எங்களைப் போன்ற கிழடுகளுக்காக வைப்பது.

"போலாமா?" என்றாள்.

மூன்றாவது பிர்ச் மரத்தடி. இலைகளில் அங்கங்கே மஞ்சள் விழ ஆரம்பித்திருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து உதட்டுச்சாயம் போட்டாள், காலணி மாற்றினாள், இறங்கிப் போனாள். நொண்டுகிறாளா என்று கதவுவரை பார்த்தேன். நொண்டவில்லை. பிளாஸ்க்கைத் திறந்தேன். உள்ளே வால்ட்ஸ் பாட்டு ஓடியது. ஆலிஸோடு ஆடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மனம் நிறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டு பாட்டு முடிந்தது. கொஞ்சம் மௌனம். உள்ளே பலகை மாறும்போது விளக்குப் பெட்டி 'டக்' என்று சத்தம் போடும், அது எனக்கு வெளியேயே கேட்கும்.

சரளைக்கல்லின் மேல் காலடிச் சத்தம். கண்ணாடியில் டொக் டொக்.

கண்ணாடியை இறக்கினேன். "என்ன, முட்டி வலிக்குதா?"

"பெண்கள் அழைப்பு எரியுது" என்றாள்.

"அதுக்கு?"

"அதுக்குன்னா? வா."

"நான் கொட்டகைக்குள்ள இல்லியே ரைலி."

"அம்பது வருஷமா அந்தச் சாக்குதான் சொல்ற. டிக்கெட் ரெண்டா வாங்கிட்டேன். எறங்கு."

"எனக்கு ஆடத் தெரியாது. காலைத் தூக்கி அந்த முட்டியில இடிச்சிருவேன்."

"இடி. எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. என் வாழ்நாள்ல உன்கூட ஆடறதுக்கு இதைவிட நல்ல சமயம் வராது, கிழவா."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அவள் கை கதவை இறுகப் பிடித்திருந்தது. அன்றைக்கு எழுபத்து நான்கில், அவ்வளவு பெரிய தளத்தை நடந்து வந்து என் முன்னால் நின்றபோதும் அந்தக் கை பிடித்துக்கொள்ள எதையாவது தேடியிருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கினேன். என்னிடம் ஆட்டக் காலணி கிடையாது, மீன்பிடிக்கும் காலணியோடுதான் போனேன். கதவருகே ஆலிஸ் காபிக் கோப்பையோடு நின்றார். "அட கடவுளே, வண்டியில பெட்ரோல் தீந்துபோச்சா?" என்றார். ரைலி அவரை முறைத்தாள். அவர் வழிவிட்டார்.

இரண்டு பாட்டு. சட்டப்படி இரண்டு பாட்டு. முதல் பாட்டில் அவள் முட்டியில் மூன்று தடவை இடித்தேன், ஒவ்வொரு தடவையும் நான்தான் நெளிந்தேன், அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாட்டில் தளம் கோணல் இல்லை என்று தெரிந்தது. முடிந்ததும் அவளை அவள் இடத்தில் கொண்டுபோய் விட்டு, மற்ற ஆண்களைப் போலத் தலையசைத்தேன். அவளும் தலையசைத்தாள், முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு அசைப்பது போல. நான் எதிர்ச்சுவருக்குப் போய் நின்றேன். பலகை டக் என்று மாறியது. ஆண்கள் அழைப்பு. எல்லாருக்கும் முன்னால் நான் கிளம்பினேன். அந்தத் தளம் நடக்க எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மார்ச் மாதம் வலி திரும்பி வந்தது. காலைக் காபிக்கு ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "வந்துருச்சு" என்றாள். வரும் என்று தெரிந்ததுதான். வெளியே பனியைப் பார்த்தேன். அவள் என் கையை இழுத்து, என் சுண்டுவிரலைத் தழும்புக்கு ஓரமாகத் தோலில் வைத்து அழுத்தினாள்.

"தெரியுது" என்றாள். "உன் நகம்கூடத் தெரியுது."

"டாக்டருக்கு போன் பண்ணட்டுமா?"

"பண்ணு. மறுபடி செய்வாங்களான்னு கேளு." ரொட்டித் துண்டை என் தட்டில் வைத்தாள். "செய்யலன்னாலும் ஜூன்ல லெபிக்கோ போறோம், ரெண்டு மாத்திரை போட்டுக்கறேன். ஆனா இனிமே பாத்து ஆடு. எனக்கு வலிக்கும்."